போர்டிகோ நிழல்

சர்ச்சிலிருந்து முதல் ஆளாக வீடு திரும்பிய டெடே, முதுகில் கட்டியிருந்த குழந்தையை அவிழ்த்து, போர்டிகோவில் தன் தையல் மெஷின் பக்கத்துப் பாயில் படுக்கவைத்தாள். அப்போதுதான் சாக்கடையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

கானாவின் அக்ரா நகரில் குழாயில் தண்ணீர் வந்து பதினோரு நாள் ஆகிறது. சாக்கடைக்கு எங்கிருந்து வரும்?

ஏணியில் ஏறிப் பார்த்தாள். போர்டிகோ தளத்தின் மேலிருந்த பெரிய டேங்க் இரண்டில் ஒன்றைத் திறந்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் பின்கட்டு லாரிபா. அந்த வீட்டில் சர்ச்சுக்குப் போகாத ஒரே ஆள்.

"அடிப்பாவி, குடிக்கிற தண்ணியடி அது!"

டெடே போட்ட சத்தத்தில், இருவரும் கீழே இறங்குவதற்குள் ஏழு குடித்தனமும் முற்றத்தில் கூடிவிட்டது. சனிக்கிழமை லாரியில் கொண்டுவந்து நிரப்புகிற தண்ணீர் திங்கட்கிழமையே பாதியாகிவிடுகிற மர்மம் எல்லோருக்கும் விளங்கியது. வடக்கேயிருந்து வந்து கான்கிரீட் சட்டி சுமக்கிறவளுக்கு இவ்வளவு கொழுப்பா என்றார்கள்.

வீட்டுக்காரர் ஒக்காயும் வந்து முற்றத்து வெயிலில் நின்றார். தங்கமான மனுஷன். கோடைக்கென்று தன் செலவில் இரண்டு டேங்க் வைத்தவர். போன மாதம் தன் காரைக்கூடத் தெருவுக்கு மாற்றிவிட்டு, போர்டிகோவை டெடேயின் மெஷினுக்கு விட்டுக்கொடுத்தவர்.

"சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணிடு லாரிபா" என்றார் அமைதியாக.

டெடேவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஏன்டி செஞ்சே? வாயைத் திற."

"ரூம்தான் போயிடுச்சே, இனிமே என்ன பயம்?" என்றாள் லாரிபா. "அக்கா, இந்த வீட்டுக்குக் கான்கிரீட் சுமந்தவ நான். போர்டிகோவைத் தாங்குற இந்த பீமுக்கு நடுவுல ஒரு தூண் இருந்துச்சு. கார் திருப்ப முடியலைன்னு ஐயா இடிச்சுட்டாரு. தூண் போனா அத்தனை நீளத்துக்கும் பீம் ஒத்தையாத் தாங்கணும். அதுக்கு மேல ரெண்டு டேங்க். போன மாசம் நடுவுல விரிசல் விட்டுச்சு. ஐயாகிட்ட காட்டினேன். வெளியே சொன்னா உனக்கு ரூம் கிடையாதுன்னாரு. மறுநாளே பூசி, வெள்ளையடிச்சு மூடிட்டாரு. அதான் வாராவாரம் பாரத்தைப் பாதியாக் குறைக்கிறேன்."

டெடே அண்ணாந்து பார்த்தாள். புது வெள்ளையைக் கிழித்துக்கொண்டு கறுப்பாக ஒரு கோடு. அதற்கு நேர் கீழே குழந்தை.

ஓடிப்போய் வாரி எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"பைத்தியக்காரி பேச்சைக் கேக்காதே" என்று ஒக்காய் சிரித்தார். "அந்த பீம் இன்னும் நாலு டேங்க் தாங்கும்."

டெடே தெருப்பக்கம் திரும்பினாள். கார் அங்கே நின்றது. அது வெளியே போனதும் போன மாதம்தான்.

"அப்போ வெயில்ல ஏன் நிக்கிறீங்க ஐயா? இப்படி நிழலுக்கு வாங்க" என்றாள்.

ஏழு குடித்தனமும் அவரையே பார்த்தது.

ஒக்காய் வழுக்கையைத் துடைத்துக்கொண்டார். வெயிலிலேயே நின்றார்.