ஒரு வீட்டுக்கு இரண்டு அசரியா

"இந்த வீட்டுல ஒரு அசரியாவுக்குத்தான் இடம். இன்னொருத்தன் உள்ள வந்தா, ரெண்டுல ஒண்ணு பொணம்!"

பெரியவர் கத்தியை ஓங்கினார். எதிரே உட்கார்ந்திருந்த இளைஞன் அசரியாவுக்கு நெற்றியில் வியர்வை.

கத்தி இறங்கியது. தேன் கேக் இரண்டாகப் பிளந்தது. பெரிய துண்டை அவன் தட்டில் தள்ளினார். "சாப்பிடு. உன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. உன் பேர் மேலதான்."

ஜெருசலேம் சந்தைத் தெருவில் 'அசரியா மரச்சாமான் கடை' என்றால் தெரியாதவர் கிடையாது. கடைக்காரர் பெயர் அசரியா. அவருடைய ஒரே மகள் திர்சாவைப் பெண் கேட்டு வந்திருக்கும் டிராம் டிரைவர் பெயரும் அசரியா. அங்கேதான் வந்தது வினை.

"மாமா..."

"மாமான்னு கூப்பிடாதே. அதைப் பத்தித்தானே பேச்சே! மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே பேர் இருக்கக் கூடாது. எங்க வம்சத்துல பரம்பரை பரம்பரையா இருக்கிற கட்டுப்பாடு. மரண தூதன் ஒருநாள் அசரியா எங்கேன்னு தேடிக்கிட்டு வருவான். கிழவன் என்னைக் கூட்டிட்டுப் போக வந்தவன், அவசரத்துல உன்னை இழுத்துட்டுப் போயிட்டா? என் பொண்ணு கதி?"

"தூதனுக்குக்கூடவா ஆள் அடையாளம் தெரியாது?"

"தபால்காரனுக்கே தெரியலை. மாடி வீட்டுக்காரன் கரண்ட் பில் மாசாமாசம் எனக்குத்தான் வருது!"

சமையலறையிலிருந்து திர்சாவின் சிரிப்பு கேட்டது. பெரியவர் அந்தப் பக்கம் ஒரு முறை முறைத்தார்.

அசரியா சும்மா வரவில்லை, படித்துவிட்டு வந்திருந்தான். "வேதத்துல இருபது அசரியாவுக்கு மேல இருக்காங்க மாமா. ஆசாரியர், தீர்க்கதரிசி, நெருப்புச் சூளையில போட்டும் கருகாம வந்தவர்! 'கடவுள் கைகொடுத்தார்'னு அர்த்தம் உள்ள பேர். அதால யாருக்கு என்ன கெடுதல்? யோசபாத் ராஜா வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேருக்குமே அசரியான்னுதான் பேர்!"

பெரியவர் முகம் மலர்ந்தது. அலமாரியிலிருந்து வேதத்தை எடுத்து, முத்தமிட்டு, சரியாக அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினார். "நீயா வந்து மாட்டினே. ரெண்டு வசனம் தள்ளிப் படி."

படித்தான். மூத்தவன் யோராம் பட்டத்துக்கு வந்ததும், தம்பிகள் அத்தனை பேரையும் வாளால் வெட்டிப் போட்டான்.

"ரெண்டு அசரியாவும் காலி!" என்று மேஜையைத் தட்டினார் பெரியவர்.

"யாராவது ஒருத்தர் பேரை மாத்திக்கிட்டா என்னவாம்?" என்றது சமையலறை.

"யாரு, நானா? எங்கப்பா வெச்ச பேர்டீ. நாப்பது வருஷமா கடை போர்டுல தொங்குது. இவனை மாத்தச் சொல்றதும் பாவம். செத்துப்போன தாத்தாவோட பேரு." குரல் தணிந்தது. "கேக்கை முடிச்சுட்டுக் கிளம்பு தம்பி. உனக்கு வேற நல்ல பொண்ணு கிடைப்பா."

"எனக்கு வேற பொண்ணு வேணாம்."

"எனக்கும்தான் வேற மாப்பிள்ளை வேணாம். அதுதானேடா கஷ்டம்!"

வீட்டுக்குப் போன அசரியா வேதத்தை மறுபடி புரட்டினான். இத்தனை அசரியாக்களில் பேர் மாறியவன் ஒருத்தனாவது இல்லாமலா போவான்? சூளைக்காரருக்கு வேறு பேர் இருந்தது. ஆனால் அது பாபிலோன்காரன் வைத்தது, வேண்டாம். அடுத்து யூதாவின் ராஜா அசரியா. அதே அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளிப் போனால் அந்த ராஜாவின் பேர் உசியா! ஐம்பத்திரண்டு வருஷம் ஆண்ட மகராசன். இது போதாதா?

வியாழக்கிழமை காலை, தன் தெரு ஜெப ஆலயத்தில் தோரா என்னும் வேதச் சுருளைத் திறந்தபோது மேடையருகே போய் நின்றான். 'இன்று முதல் இவன் பெயர் உசியா' என்று ஆசி சொல்லி அறிவித்தார்கள். மனசுக்குள் தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். திர்சா முகம் நினைவுக்கு வந்ததும் பாரம் இறங்கிவிட்டது.

"பழக நாளாகும்டா அசரியா" என்று முதுகில் தட்டினார் ஒருவர். அவன் கொண்டுவந்த பிராந்தியை ஊற்றிக்கொண்டே.

திர்சாவிடம் போனில்கூடச் சொல்லவில்லை. நேரில் சொல்லி அசத்த வேண்டும்.

சாயங்காலம் பூங்கொத்தோடு போனான். சந்தைத் தெருவில் கடை போர்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். பெயின்டர் பழைய எழுத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பஸ்கா பண்டிகை வருகிறது, ஊரே வெள்ளையடிக்கிறது என்று எண்ணியபடி படியேறினான்.

கதவைத் திறந்தவர் பெரியவர். வியாழக்கிழமையில் ஓய்வுநாள் கோட்டு, கையில் ஒயின் கோப்பை, வாயெல்லாம் பல். பின்னால் திர்சா, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"மாமா, ஒரு நல்ல சேதி..."

"மாமான்னு தாராளமாக் கூப்பிடு. ஆனா முதல்ல நான்தான் பேசுவேன்!" இழுத்து அணைத்துக்கொண்டார். பூங்கொத்து நசுங்கியது. "உன் தாத்தா பேரை நீ விடவே வேணாம், மாப்பிள்ளை. ரெண்டு நாளா நானும் வேதத்தைப் புரட்டினேன். இன்னிக்குக் காலையிலயே எங்க ஆலயத்துக்குப் போய்க் காரியத்தை முடிச்சுட்டேன்."

கோப்பையை உயர்த்தினார்.

"இனிமே இந்த வீட்டுல நீ ஒருத்தன்தான் அசரியா. நான் உசியா!"