நாலு அங்குலம்

இங்கிலாந்தின் பர்ன்லி நகரில் ஏலத்தில் எடுத்த விக்டோரியா காலத்து வீட்டை கிளைவ் ஆறு வாடகை அறைகளாகப் பிரித்துக்கொண்டிருந்தார். முன்னறையில், மேலே இருந்த சுண்ணாம்புப் பூவேலையைச் சரிபாதியாக வெட்டிக்கொண்டு தடுப்புச் சுவர் வரவேண்டும். தச்சர் டெரெக் பென்சில் கோட்டை நாலு அங்குலம் தள்ளிப் போட்டிருந்தார்.

“யோவ் டெரெக், கண்ணு மங்கிடுச்சா? கோடு தள்ளிப் போயிருக்கு.”

“வேணும்னுதான் போட்டேன் முதலாளி. நீங்க சொன்ன அளவுல கட்டில் போட்டா கதவு திறக்காது.”

“கதவை வெளிப்பக்கமா திறக்கிற மாதிரி மாட்டு.”

“புரண்டு படுத்தா மூக்கு சுவத்துல இடிக்குமே.”

“இடிக்கட்டும்! வீடில்லாதவன்னு நகர கவுன்சில் அனுப்புற ஆளு. வேற போக்கிடம் இருந்தா இங்க ஏன் வரான்? எனக்கு நாப்பது அறை தடுத்துக் கொடுத்திருக்க. ஒரு நாளாவது இப்படிக் கேட்டியா?”

டெரெக் சட்டைப்பையிலிருந்து கவுன்சில் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

“நான் வாடகைக்கு இருந்த வீட்டை வித்துட்டாங்க முதலாளி. இந்த அறைக்கு வரப்போறது நான்தான்.”

கிளைவ் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“பக்கத்து அறைக்கும் அளவு சொல்லி ஆள் பேசியாச்சே, டெரெக். உன் நாலு அங்குலம் அதுலேர்ந்துதானே போகும்?”

டெரெக் தலையாட்டினார். போட்ட கோட்டைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, நாலு அங்குலம் உள்ளே தள்ளி மறுபடி போட்டார்.