கைதவறிய கிண்ணம்

நண்பகல் வெயில் புதுச் சமையலறையின் வெள்ளைத் தரையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. கூடத்தில் சொந்தக்காரர்கள் மைக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பாடுகிறார்கள். குவைத்தில் பல வருடம் வீட்டுவேலை பார்த்துவிட்டு நேற்றுதான் சொந்த ஊரான இலோயிலோவுக்குத் திரும்பிய லுதிவினா, புளிக்குழம்பு ஊற்றிய கண்ணாடிக் கிண்ணத்தைக் கைதவறிப் போடுகிறாள். சில்லுகள் சிதறி ஓய்வதற்குள் அவள் சுவரோரம் குந்திவிடுகிறாள். ஒரு கை தலையை மறைத்திருக்கிறது. "மன்னிச்சிருங்க மேடம், இனிமே உடைக்க மாட்டேன்." கதவருகில் நிற்கும் மகள் ஷார்மேன் அவளையே பார்க்கிறாள். ஞாயிறுதோறும் கைபேசியில் சிரித்த முகமா இது? "அம்மா, இது நம்ம வீடும்மா. நீ கட்டினது." அம்மாவின் காதில் எதுவும் விழவில்லை. சூடான குழம்பு அவள் பாதத்தைத் தொடுகிறது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கூடத்தில் பாட்டு நிற்கிறது. "என்னடி அங்க சத்தம்? யாரு உடைச்சது?" என்று சித்தி கேட்கிறாள். அம்மா தலையை இன்னும் தாழ்த்துவதைப் பார்த்த ஷார்மேன், "நான்தான் சித்தி" என்கிறாள். செருப்புச் சத்தம் நெருங்கி வருகிறது. லுதிவினா சட்டென்று எழுகிறாள். மகளின் மணிக்கட்டைப் பற்றி இழுத்து, தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கதவைப் பார்த்து நிற்கிறாள்.