நம்பர் மாறிய பிளாட்பாரம்

நகரத்து ஓரத்தில் இருந்த ஒரு ரயில் நிலையத்தில் நான்கு பிளாட்பாரங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றாம் பிளாட்பாரத்துக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். கரி வண்டி புகை கக்கிக்கொண்டு வந்த காலத்தில் அங்கே அது மட்டும்தான் இருந்தது. மின்சார ரயில் வந்து, ஆபீஸ் கூட்டம் பெருகிய பிறகுதான் மற்ற மூன்றையும் கட்டினார்கள்.

"நான் இல்லேன்னா இந்த ஊர்ல வண்டியே நின்னிருக்காது" என்று அது தினமும் சொல்லும். "ஆமாங்கண்ணே" என்று மற்ற மூன்றும் கேட்டுக்கொள்ளும்.

ஒருநாள் நிலையத்தின் மறுபக்கம் பஸ் ஸ்டாண்டு வந்தது. நிலையத்தின் வாசலையும் அந்தப் பக்கமே மாற்றி, அங்கிருந்து வரிசையாக நம்பர் போட்டார்கள். கடைசியில் கிடந்த நாலாம் பிளாட்பாரம் ஒன்றானது. அண்ணன் நாலாகிப்போனது.

"வருத்தப்படாதீங்கண்ணே, வெறும் பெயிண்ட்தானே" என்று புது ஒன்று சமாதானம் சொன்னது. அண்ணன் பதில் பேசவில்லை. அன்றிலிருந்து ஏறி இறங்கும் ஜனங்களைக்கூட வேண்டாவெறுப்பாகத்தான் தாங்கியது.

கூட்டம் இன்னும் பெருகியது. அண்ணனுக்கு அடுத்தாற்போல் இன்னொரு பிளாட்பாரத்தைக் கட்டினார்கள். சிமெண்ட் ஈரம்கூடக் காயாத அந்தப் புதுசு, "வணக்கம்ணே, நான் அஞ்சு. நீங்க?" என்று பணிவாகக் கேட்டது.

பல மாதமாகப் பேசாமல் கிடந்த அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தது.

"நாலு" என்றது கம்பீரமாக. "அதாவது, உனக்கு மேலே. கொஞ்சம் மரியாதையா நடந்துக்கோ."