மூணு கருவி, பதினாலு சந்து

"இருக்கிறதே மூணு கருவி. அதுல ஒண்ணைக் கொண்டுபோய்க் கல்லறைக்குப் பக்கத்துல மாட்டியிருக்கியே, செத்தவங்க எழுந்து குளிக்கிறாங்களா?"

மேற்பார்வையாளர் கலியாணசுந்தரம் கத்தியதில் தண்ணி ஆபீஸே திரும்பிப் பார்த்தது. குழாய் ஃபிட்டர் மருதமுத்து தலையைச் சொறிந்தார்.

காஜா பேராங் வட்டாரத்தில் எங்கேயோ தண்ணீர் காணாமல் போய்க்கொண்டிருந்தது. மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு இன்னும் பத்தே நாள். "அன்னைக்குத் திடல் குழாயில காத்து வந்தா, நீ வீட்டுக்குப் போயிடலாம்" என்று எஞ்சினியர் துரை கலியாணசுந்தரத்தை மிரட்டியிருந்தார்.

பதினாலு சந்து. குழாய் அழுத்தம் பார்க்கும் கருவி மூன்றே மூன்று. பக்கத்தில் தண்ணீர் அதிகமாக வெளியே போனால் முள் இறங்கும்.

"ரெண்டாவது எங்கே?"

"கள்ளுக்கடைக்குப் பின்னாலங்கய்யா."

"அங்கே எவன்யா தண்ணி குடிக்கிறான்! மூணாவது?"

"மாட்டுக் கொட்டாய்ல. மாடு நக்கி நக்கி நம்பரே அழிஞ்சிருச்சுங்க."

கலியாணசுந்தரம் வரைபடத்தை விரித்தார்.

"குழாய் கிளை பிரியிற இடத்துல வை. எந்தப் பக்கம் போகுதுன்னு தானா தெரியும். இதுக்கு மூளை வேணும்யா!"

"வேணாங்கய்யா. கல்லறையே நல்ல இடம்."

"போய்யா! நானே மாட்டறேன்."

மறுநாள் காலை நடுக் கருவியின் முள் சரசரவென்று இறங்கியது. கலியாணசுந்தரம் மீசையை முறுக்கிக்கொண்டு குழாயோடு நடந்தார். ஸ்பேனரோடு மருதமுத்து பின்னால் ஓடினார். ஒரு சந்து, அடுத்த சந்து...

குழாய் கலியாணசுந்தரத்தின் வீட்டிலேயே போய் நின்றது.

கொல்லையில் அவர் மனைவி சாரதாம்பாள், ரப்பர் குழாயை வேலிக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். அங்கே பலகை வீட்டுப் பெண்கள் தகரமும் வாளியுமாக வரிசையில் நின்றார்கள்.

"ஏங்க, முப்பது குடும்பம்ங்க. கிணத்துல உப்பு ஏறி ஒரு மாசமாச்சு. உங்ககிட்ட சொன்னா சட்டம் பேசுவீங்க."

கலியாணசுந்தரத்தின் மீசை தானாகவே இறங்கியது. வரிசையைப் பார்த்தார்.

"மருதமுத்து, இவங்களுக்கு ஒரு தெருக்குழாய் போடணும்னு இன்னைக்கே எழுதிக் குடுத்துடறேன். எத்தனை அடி பைப் வேணும்?"

"நாப்பத்திரண்டு அடிங்கய்யா. அளந்து வெச்சிருக்கேன்."

"அளந்து வெச்சிருக்கியா? அப்போ இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதல் நாளே தெரியுங்கய்யா. எங்கே மாட்டினா அம்மா மாட்டமாட்டாங்கன்னு கண்டுபிடிக்கத்தான் மூணு வாரம் ஆச்சு."