ராஜா மறந்த வசனம்

"நாலு வரி, மச்சான்! நாலே நாலு வரி! அதுகூட மண்டையில நிக்காதா உனக்கு?"

ஒப்பனை அறைக் கண்ணாடி முன்னால் மீசை ஒட்டிக்கொண்டிருந்த ராஜா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிஜ ராஜா எல்லாம் இல்லை. காலம்பூரா ராஜா வேஷமே கட்டியதில், பால்காரர்கூட அவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

"வயசாயிடுச்சு மாப்ளே. முதல் காட்சியிலேருந்து கடகடன்னு வருது. கடைசியில ராணிகிட்ட மன்னிப்புக் கேக்குற இடம் வந்தா மட்டும் துடைச்சு விட்ட மாதிரி ஆயிடுது. விடு, அதான் நீ இருக்கியே."

திட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை இருக்கிறார்தான். பக்கத்திரைக்குப் பின்னால் நாடகப் பிரதியோடு நின்று, தடுமாறுகிறவர்களுக்கு வசனத்தை எடுத்துக்கொடுப்பதுதான் அவர் வேலை. ஓர் எழுத்துப் பிசகினாலும் பொறுக்கமாட்டார். அந்தக் கறார்தான் அவர் குடும்பத்தையே கவிழ்த்துவிட்டது.

ராணியாக நடிப்பவள் அவர் மனைவி. யாரோ மூட்டிய கோளை நம்பி ராஜா அவளை அரண்மனையை விட்டு விரட்டும் காட்சி. ஒருநாள் அவள் வாசலில் நின்று, ஒன்றும் பேசாமல் திரும்பிப் பார்த்தாள். அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. பாவி மனுஷன், வசனம் மறந்துவிட்டாள் என்று நினைத்து, கடைசி வரிசைவரை கேட்கும்படி எடுத்துக்கொடுத்துத் தொலைத்தார். அழ வேண்டிய கூட்டம் குபீரென்று சிரித்தது. அன்றைக்கே அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். தினமும் நடிக்க வருவாள், போவாள். அவர் பக்கம் திரும்பமாட்டாள்.

"அவ வேணும்னு நிறுத்தினாளா, மறந்து நிறுத்தினாளான்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்று இன்றைக்கும் அதையே பாடினார்.

"தெரியாம செஞ்சுட்டேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். குறைஞ்சா போயிடுவே?"

"நான் என் வேலையைத்தானே பார்த்தேன்? அதுக்குப் போய் மன்னிப்பா?"

"சரிப்பா, உன் வீராப்பு உன்னோட." ராஜா கிரீடத்தை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். "தங்கச்சி தன் பெட்டியைக் கேட்டுச்சு. மிச்சத் துணிமணியை அதுல போட்டு அனுப்பிடணுமாம்."

மாப்பிள்ளை கையிலிருந்த பிரதியை மூடினார். அவள் சேலைகள் அலமாரியில் இருக்கிறவரை, கோபம் தணிந்ததும் தானாக வந்துவிடுவாள் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையுமா கேட்டா?"

"ஒண்ணு விடாம."

மணி அடித்தது. திரை உயர்ந்தது.

இந்த மாதிரி நாடகத்தில் கடைசிக் காட்சியில் எல்லாம் சரியாகிவிடும். காணாமல் போன தம்பி வந்து சேர்ந்தான். கோள் மூட்டியவன் கையும் களவுமாக மாட்டினான். கோமாளிக்குக்கூடத் தோழிப் பெண் கிடைத்துவிட்டாள். பாக்கி ஒன்றே ஒன்றுதான். ராஜா ராணியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ராஜா ராணி எதிரே போய் நின்றார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

'ஆரம்பிச்சுட்டான்யா!' என்று பக்கத்திரைக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்ட மாப்பிள்ளை, "தேவி, பிழை என்னுடையது" என்று எடுத்துக்கொடுத்தார்.

ராஜா காதைத் தேய்த்துக்கொண்டார்.

"தேவி, பிழை என்னுடையது!"

ஊஹும். ராஜா தத்தித் தத்திப் பக்கத்திரையை ஒட்டியே வந்துவிட்டார். ராணியும் கூடவே வந்தாள். கை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கத்தில் அவள் முகம். எப்படி இளைத்துப் போயிருக்கிறாள்! அவருக்குப் பிரதியில் எழுத்தெல்லாம் கலங்கியது. அடுத்த வரி எங்கே என்று தெரியவில்லை.

"தப்பு என்மேலதான்" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "நீ எவ்வளவு அழகா நடிச்சுட்டிருந்தே. நடுவுல பூந்து நான்தான் கெடுத்துட்டேன். அத்தனை பேர் முன்னால உன்னைத் தலைகுனிய வச்சுட்டேன். நீ இல்லாத வீட்டுக்குள்ள போகவே பிடிக்கலம்மா. பெட்டியை அனுப்பமாட்டேன். நீ வந்துடு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஐயையோ! எடுத்துக்கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிற ஆளாயிற்றே இந்த ராஜா! இதையும் ஒப்பித்துவிட்டால் ஊர் சிரிக்குமே! அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"தேவி!" ராஜாவின் குரல் அரங்கத்தை அதிர வைத்தது. "பிழை என்னுடையது. பிறர் சொல் கேட்டு உன்னை இழந்தேன். நீயில்லாத அரண்மனை எனக்குச் சிறை. என்னை மன்னித்துத் திரும்பி வா!"

நாலு வரியும் அப்படியே வந்தது. ஓர் எழுத்துப் பிசகவில்லை.

"மன்னித்தேன், மன்னா" என்றாள் ராணி, ராஜாவின் தோளைத் தாண்டிப் பக்கத்திரையைப் பார்த்து. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கைதட்டல் ஓய்வதற்குள் திரை விழுந்தது.

அவர் ஓடிப்போய் ராஜாவின் கையைப் பிடித்தார். "எப்படி மச்சான் ஞாபகம் வந்துச்சு?"

"அதான் மாப்ளே எனக்கும் ஆச்சரியமா இருக்கு" என்று ராஜா மீசையைப் பிய்த்தார்.

நகைகளைக் கழற்றிக்கொண்டே அவள் வந்தாள். அத்தனை நாள் கழித்து அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "வீட்டுச் சாவியைக் குடுங்க. நான் முன்னால போறேன்."

அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, ராஜா பக்கம் திரும்பினாள்.

"ரொம்ப நன்றிண்ணே. நான் கேட்டதுக்காக மறந்தது போதும், நாளையிலேருந்து உங்க வசனத்தை நீங்களே பேசிடுங்க."