மிச்சம் வைத்த படம்

எந்த ஊருக்குப் போனாலும் அருளப்பன் ஃபிலிம் ரோலில் ஒரு படத்தை மட்டும் மிச்சம் வைத்துத்தான் திரும்புவார். வீட்டு வாசலில் நின்று பெல்லை அழுத்திவிட்டு கேமராவைத் தூக்கிப் பிடிப்பார். கதவைத் திறக்கும் மனைவி சலேத்து, மாவு அப்பிய கையால் சட்டென்று முகத்தை மூடிக்கொள்வாள். “ரோலைத் தீக்க நாந்தான் கெடைச்சேனா?” அவள் செத்த அன்று சட்டம் போட்டு மாட்ட ஒரு படம்கூடத் தேறவில்லை. இத்தனை வருடப் படங்களிலும் கைதான் இருந்தது. அதற்குப் பிறகு முதன்முறையாக தனுஷ்கோடி வரை போய்விட்டு இன்று திரும்பியிருக்கிறார். சாவி சட்டைப்பையில் கிடந்தது. அதை எடுக்காமல் பெல்லை அழுத்தினார். உள்ளே பெல்லின் குருவி கத்தி ஓய்ந்தது. பூட்டிய கதவுக்கு ஃபோகஸ் வைத்தபடி சொன்னார்: “இன்னைக்காவது அந்தக் கைய எடு, சலேத்து.”